பலகை முதலில், விலா பிறகு: ரோமச் சரக்குக் கப்பல் மாதிரி செய்யும் முறை

பாடசாலைக் கண்காட்சிக்குக் கப்பல் செய்பவர்கள் ஏராவை (அடியில் நீளமாக ஓடும் கட்டையை) வைத்து, விலாக்கட்டைகளை நிறுத்தி, கடைசியில் பலகை அடிப்பார்கள். ரோமர் செய்தது தலைகீழ். பலகைகளை விளிம்போடு விளிம்பாகப் பூட்டி வெளிக்கூட்டைப் பகுதி பகுதியாக எழுப்பி, அந்தந்தப் பகுதி முடிந்த பிறகே உள்ளே விலாக்கட்டை போகும். கப்பலின் பலம் அந்தக் கூட்டில்தான். மாதிரியிலும் அந்த வரிசை தவறக் கூடாது.

அளவுக்கு, பிரான்சின் தென்கரையில் தூலோன் அருகே மத்ராக் து ஜியானில் மூழ்கிய கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 40 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், 4.5 மீற்றர் ஆழம். ஐம்பதில் ஒரு பங்காக்கினால் 80, 18, 9 சென்ரிமீற்றர்.

பலகைக்கு நேரான நார் உள்ள பைன் நல்லது. 6 மி.மீ. கனம், 20 மி.மீ. அகலம், பக்கத்துக்கு ஏழு வரிசை. கணக்குப்படி இந்தக் கனம் மிக அதிகம்தான், ஆனால் அதைவிட மெல்லிய பலகையில் பொளி (பலகைகளைப் பூட்டும் மர நாக்கு செருகும் துளை) போட முடியாது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அது ஒட்டுப்பலகை, உளி பட்டதும் அடுக்கடுக்காகப் பிரியும்.

ஏராவுக்கு 10 க்கு 15 மி.மீ. கட்டை. அதன் இரு பக்கத்திலும் (ஒன்றுக்கொன்று நேரெதிரே வராமல்), ஒவ்வொரு பலகையின் விளிம்பிலும் 30 மி.மீ.க்கு ஒன்றாகப் பொளி குறியுங்கள்: 2 மி.மீ. அகலம், 10 மி.மீ. நீளம், 8 மி.மீ. ஆழம். 2 மி.மீ. ட்ரில்லால் நெருக்கமாக நான்கு துளை போட்டு, தீட்டிய சிறு ஸ்க்ரூ ட்ரைவரால் இடையைச் சுரண்டினால் போதும். கீழ்ப்பலகைப் பொளியின் நடுவிலிருந்து மேற்பலகைக்குக் கோடு இழுத்தே குறிக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக அளந்தால் ஒரு மி.மீ. விலகும்; பத்தாவது நாக்கில் பலகை ஏறாது.

நாக்குகளை மூங்கிலின் வெளித்தோல் பக்கத்திலிருந்து 15 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். உண்மைக் கப்பல்களிலும் பலகையைவிட நாக்குக்கு வலிய மரமே போட்டார்கள். வெட்டியதை அடுப்புக்கு மேலே ஒரு வாரம் காய வையுங்கள். காய்ந்த நாக்கு தண்ணீர் பட்டதும் ஊதிப் பொளியை இறுக்கும். மழைக்காலத்தில் ஈரத்தோடு செருகினால் பிறகு சுருங்கி ஆடும். பலகையை இறக்கியதும், பொருத்துக்கு மேலும் கீழும் 4 மி.மீ. தள்ளித் துளையிட்டு, நாக்கை ஊடுருவும்படி பல்குத்தும் குச்சியை மர ஆணியாக அடியுங்கள். பசை வேண்டாம். இந்தப் பூட்டுத்தான் கப்பல்.

முனைகளில் பலகையை வளைக்க ஆவி தேவை. இஞ்சு கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு; 6 மி.மீ.க்குக் கால் மணி. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் 25 நிமிடம் வையுங்கள். எடுத்த அரை நிமிடத்துக்குள் வளைத்துக் கட்டிவிட வேண்டும். முடிச்சு உள்ள இடம் எப்படியும் ஒடியும்.

மூன்றாவது வரிசை முடிந்ததும் அடிப்பாக விலாக்கட்டைகளைப் பொருத்தி, மீதிப் பலகை ஏற்றி, பிறகு மேல் விலாக்கட்டைகள். ஒரு பக்கத்தின் மேல் மூன்று வரிசையைப் போடாமல் திறந்தே விடலாம். பார்ப்பவருக்கு நாக்குகள் தெரியும். மிதக்கவிட வேண்டுமானால் அந்த ஆசையை விடுங்கள். வெளியே தேன்மெழுகும் பைன் பிசினும் சரிபாதி, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கிப் பூசுங்கள். நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். கப்பலின் அடிப்பகுதியைக் கடற்புழு அரிக்காமல் ஈயத்தகடு மூடியிருந்தது. தேயிலைத்தூள் பொதியின் அலுமினியத் தாளுக்குச் சாம்பல் நிறம் தீட்டினால் அதே தோற்றம் வரும்.

சுக்கானில்தான் பலரும் தவறுவார்கள். பின்னால் நடுவில் ஒற்றைச் சுக்கான் வைப்பது பல நூற்றாண்டு பிந்திய பழக்கம். ரோமக் கப்பலுக்குப் பின்பக்க இரு ஓரத்திலும் ஒவ்வொரு பெரிய துடுப்பு. அதை வலிப்பதில்லை, கைப்பிடியால் தன் அச்சிலேயே திருப்புவார்கள். பக்கவாட்டில் துடுப்பு வரிசையும் வேண்டாம், அது போர்க்கப்பலுக்கு.

பாய் செவ்வகம்: 40 க்கு 30 செ.மீ. பருத்தித் துணி. அதன் முன்முகத்தில் ஐந்து நிரையாகச் சிறு வளையங்கள் தையுங்கள். ஒவ்வொரு நிரைக்கும் ஒரு நூல். கீழ் ஓரத்தில் முடிந்து, வளையங்களின் வழியே மேலேறி, பருமலை (பாய் தொங்கும் குறுக்குக்கட்டையை) தாண்டிப் பின்தளத்துக்கு இறங்கும். இழுத்தால் பாய் மூங்கில் தட்டி போல மேலே சுருளும். வளையத்தைப் பின்முகத்தில் தைத்துவிட்டால் நூல் பாய்மரத்தில் சிக்கும். அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) முன்சாய்ந்த சிறு மரமும் சிறு பாயும் உண்டு. அது திருப்புவதற்கு உதவும்.

பாரத்துக்கு ஆற்று மணலை ஒரு கிலோவில் தொடங்கி, ஓரம் தண்ணீருக்கு மேல் 4 செ.மீ. நிற்கும்வரை கூட்டுங்கள். சிறு பைகளாகக் கட்டாவிட்டால் சாயும்போது மணல் ஒரு பக்கம் ஓடிக் கவிழ்த்துவிடும். மத்ராக் து ஜியான் கப்பலில் நிறைத்தால் 50 கிலோ வரும் ஆம்போராச் சாடிகளை, மேலடுக்கின் கூரடி கீழடுக்குத் தோள்களின் இடைவெளியில் இறங்கும்படி மூன்று அடுக்கு வைத்தார்கள். அதற்கும் இதே காரணம்.

மிதக்கவிட ஜனவரி முதல் மார்ச் வரையான காலை நேரம் பொருத்தம். தென்மேற்குப் பருவக்காற்றில் வாவி அலையடிக்கும். வேடிக்கை என்னவென்றால், ரோம எழுத்தாளர் வெகேத்தியஸ் எழுதியபடி ரோமருக்கு நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடிய காலம். முதல் முறை இறக்கும்போது அரை மணி நேரம் பொருத்துகளில் நீர் கசியும். பயந்து தூக்காதீர்கள், நாக்குகள் ஊதட்டும். எடுத்தபின் நிழலில் காய வையுங்கள். அடுப்படிப் பரணில் வைத்தால் மெழுகு உருகிப் பொருத்துகள் திறந்துவிடும்.