அஹேனெயுஸ்: ஒரு லத்தீன் உலோகப் பெயரடைக்குப் பொருள் காணும் முறை

செம்பாலான அல்லது வெண்கலத்தாலான என்ற பொருளில் லத்தீனில் வழங்கும் 'அஏனெயுஸ்' என்ற பெயரடையைக் கண்டால், அகராதியைத் திறக்கும் முன் அதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு உயிர்களும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே ஒலிப்பதால் சொல் நான்கு அசைகளாகிறது. அந்தப் பிரிவைக் காட்டவே இடையில் ஹகரம் சேர்த்து 'அஹேனெயுஸ்' என்றும் எழுதினார்கள். மூன்று அசைகளில் ஒலிக்கும் 'ஐரெயுஸ்' இதே பொருள் தரும் வேறொரு சொல். 'ஆஏரியுஸ்' என்பதோ காற்றைச் சார்ந்தது. இந்த மூன்றையும் காதால் பிரித்தறியாதவர் பொருளில் தடுமாறுவது உறுதி.

பிறகு அடிப்படைப் பெயர்ச்சொல்லுக்குச் செல்லுங்கள். செம்பு, வெண்கலம் இரண்டையும் குறிக்கும் 'ஐஸ்' என்பதே அது. ஆறாம் வேற்றுமையில் அது 'ஐரிஸ்' ஆகும், ஏனெனில் இரு உயிர்களுக்கு நடுவே நின்ற சகர ஒலி (ஸ்) பழைய லத்தீனில் ரகரமாகத் திரிந்தது. பெயரடையில் அந்தச் சகரத்தை அடுத்து னகரம் வந்ததால், அது திரியாமல் மறைந்து, முன்னிருந்த உயிரை நெடிலாக்கியது. மறைந்த ஒலியை நேரில் காண விரும்பினால், இத்தாலியின் குப்பியோ நகரில் கிடைத்த, லத்தீனுக்கு உறவான பழைய உம்பிரிய மொழிப் பட்டயங்களைப் பாருங்கள்: அங்கே 'அஹெஸ்னெஸ்' என்று சகரத்துடனேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் வெண்கலத் தகட்டின் மேலேயே. வடமொழியின் 'அயஸ்' இதே குடும்பத்துச் சொல்தான். இறுதியிலுள்ள 'எயுஸ்' விகுதி, பொன்னாலான என்னும் 'ஔரெயுஸ்', இரும்பாலான என்னும் 'ஃபெர்ரெயுஸ்' ஆகியவற்றில் போலவே, மூலப்பொருளைச் சுட்டுகிறது.

கடைசியாக, பெயரடை எதைத் தழுவி நிற்கிறது என்று பாருங்கள். கலத்தைத் தழுவினால் உலோகம்; கவிதையில் சுவரைத் தழுவினால் அசையாத உறுதி; உடலைத் தழுவினால் நிறம். ரோமப் பேரரசன் நீரோ பிறந்த குடும்பத்தின் பெயரான 'அஹேனோபார்புஸ்' வெண்கல நிறத் தாடியைக் குறித்தது. 'டுக்குலா ஏனெயா' என்ற அறிவியல் பெயர் கொண்ட புறாவின் முதுகிலும் சிறகிலும் வெண்கலப் பச்சை மினுமினுக்கிறது; 'டிக்ரூருஸ் ஏனெயுஸ்' என்ற கரிச்சானிலும் அச்சொல் பளபளப்பையே சொல்கிறது. புறாவின் பேரினப் பெயர் பெண்பாலாகவும் கரிச்சானின் பேரினப் பெயர் ஆண்பாலாகவும் இருப்பதால், ஈறு மட்டுமே இரண்டிலும் வேறுபடுகிறது.