மூச்சுப் பயிற்சியை நாடியில் காட்டுங்கள்

மன அழுத்தத்தோடு வரும் நோயாளிக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும்போது, அவர் விரலையே அவர் மணிக்கட்டு நாடியில் வைக்கச் சொல்லுங்கள். 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. மூச்சை விடும்போது, இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி கூடி நாடி சற்று மெதுவாகும். இழுத்தால் வேகம் பிடிக்கும். "ரிலாக்ஸா இருங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வதைவிட இது எடுபடும், ஓ.பி. கூட்டத்திலும் இரண்டு நிமிட வேலைதான். பி.பி. பார்த்த பிறகு செய்யுங்கள். முன்பே செய்தால் அளவு குறைத்துக் காட்டலாம்.

வயதானவர்கள், நாள்பட்ட சர்க்கரை நோயாளிகள், நாடி ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. சிலருக்கு நாடியைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் பாதம் தரையில் அழுந்துவதைக் கவனிக்கட்டும். நெஞ்சுவலியோடு வந்தவரா? இதெல்லாம் அப்புறம், முதலில் ஈ.சி.ஜி.