மைட்டர் சா தூசி: பெரிய மெஷின் வாங்கும் முன்

செங்கோட்டையில் வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்புதான் என் பட்டறை. மரத்தைக் குறுக்காகவும் கோணத்திலும் வெட்டுகிற மின்ரம்பமான மைட்டர் சா வந்த ஒரே மாதத்தில் பின்சுவர் முழுக்கத் தேக்குத்தூள். இழுப்பு போதவில்லை என்று நினைத்து, இருந்ததைவிடப் பெரிய வேக்குவம் வாங்கினேன். காசு போனது, சுவர் அப்படியேதான் இருந்தது.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், பல்லின் நுனி மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தோடுதான் தூள் பின்பக்கம் பாய்கிறது. குழாயின் இழுப்போ, வாயிலிருந்து அதன் விட்டத்தளவு தள்ளினாலே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். பாய்கிற தூளைத் துரத்திப் பிடிக்க முடியாது, வழியிலேயே மறிக்க வேண்டும்.

மறிப்பதற்கென்றே பிளேடுக்குப் பின்னால் ரப்பர் மடல் ஒன்று வரும். இடைஞ்சல் என்று அதை வெட்டி எறிகிறவர்கள் உண்டு. என்னுடையது கிழிந்தபோது சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி நீட்டி ஒட்டினேன். புது வேக்குவம் செய்யாததை அது செய்தது! ஒட்டியபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாவின் தலையை இறக்கி, சாய்த்து, பிளேடில் உரசுகிறதா என்று பாருங்கள்.

மடலுக்குத் தப்பியதைப் பிடிக்கப் பின்னால் பிளைவுட் கூண்டு. நேராக வெட்டும் நிலையில் மட்டும் அளந்து செய்தால், 45 டிகிரி திருப்பும்போது மோட்டார் இடிக்கும். தலை முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் மாடல் என்றால் பின்னால் நீளும் கம்பிக்கும் இடம் விட வேண்டும். கூண்டின் அடியைச் சரிவாக வைத்து, தாழ்ந்த மூலையில் குழாயை மாட்டுங்கள்.

அப்புறம் குழாய் அளவு. பட்டறைத் தூளை இழுக்கும் பெரிய மெஷினான டஸ்ட் கலெக்டரின் 4 அங்குலக் குழாயை, அளவைக் குறைக்கும் ரெடியூசர் போட்டு, சாவின் தூள் வெளியேறும் ஒன்றரை அங்குல வாயில் மாட்டினால், காற்று போகும் பரப்பு ஏழில் ஒரு பங்குதான். அது நிறையக் காற்றைக் குறைந்த இழுவிசையில் எடுக்கிற மெஷின், சின்ன ஓட்டையில் திணறும். சாவின் வாய்க்கு வேக்குவம், கூண்டுக்கு டஸ்ட் கலெக்டர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நெளி ஹோஸ் குட்டையாக இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியே மேல்காற்று அடிக்கும். சாவின் முதுகு மேற்கு ஜன்னலைப் பார்த்திருந்தால், கூண்டுக்குள் போக வேண்டிய தூள் நம் முகத்துக்குத்தான் வரும். நான் சாவையே திருப்பிப் போட்டுவிட்டேன். சாரல் ஈரத்தில் நுண்தூள் ஃபில்டரில் அப்பிக்கொள்வது வேறு. வேக்குவத்துக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் பொருத்திய பெயிண்ட் வாளி ஒன்று வைத்தால் பெரும்பகுதி அதிலேயே விழும்.

வெட்டி முடித்ததும் மாஸ்க்கைக் கழற்றுகிற பழக்கம் எனக்கு இன்னும் முழுசாக விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத தூள் வெகுநேரம் மிதக்கும். மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. வெட்டு முடிந்தபின்னும் பத்துப் பதினைந்து விநாடி வேக்குவம் ஓடட்டும். பெருக்கும்போது மட்டும் தயவுசெய்து ஃபேனைப் போடாதீர்கள்.