சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா: மழை நாளில் ஊர் சுற்றுவது எப்படி?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவின் தலைநகர் சந்தியாகோ. ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை பெய்யும் ஊர். மழை விடட்டும் என்று அறையில் உட்கார்ந்திருந்தால் பொழுதுதான் போகும். பழைய நகரம் முழுக்கக் கருங்கல் கட்டடங்கள், முக்கியத் தெருக்களில் வளைவுத் தாழ்வாரங்கள். எங்கே கூரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மழையிலேயே ஒரு நாளை நிறைவாகக் கழிக்கலாம்.

1. முந்தின நாளே செய்ய வேண்டியது

பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆனால் அங்குள்ள சிற்ப வேலைப்பாடு மிகுந்த 'மகிமை வாயிலுக்கு'த் தனிச் சீட்டு வேண்டும். சிறு குழுக்களாகத்தான் விடுவார்கள். இணையத்தில் முன்பதிவு செய்துவிடுங்கள். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு நல்லது, காற்று பலமாக இருக்கும். பாதையெல்லாம் வழவழப்பான கல் என்பதால் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற செருப்போ ஷூவோ போடுங்கள்.

2. காலையில் சந்தை

அபாஸ்தோஸ் சந்தைக்கு முதலில் போங்கள். கூரை போட்ட கல் மண்டபங்களில் மீன், சிப்பி, பாலாடைக்கட்டி, கீரை எல்லாம் வரிசையாக இருக்கும். மதியத்துக்கு மேல் களை இழந்துவிடும், ஞாயிறு விடுமுறை.

3. பேராலயம்

இங்கேதான் அவசரப்படாதீர்கள். இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடத்தில் 1075-ல் கட்டத் தொடங்கிய கோயில் இது. பெரிய முதுகுப் பையோடு உள்ளே விடமாட்டார்கள். மகிமை வாயில் சிற்பி மத்தேயோவின் கைவண்ணம். 1188-ல் வாசலின் மேல்விட்டக் கல் வைத்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. நடுத்தூணைக் கிட்டே போய்ப் பாருங்கள். நூற்றாண்டுகளாக யாத்திரிகர்கள் கை வைத்து வைத்து, பளிங்கில் ஐந்து விரலும் பதிகிற பள்ளமே விழுந்திருக்கிறது. இப்போது தொட அனுமதி இல்லை, படம் எடுக்கவும் கூடாது. அப்படியே இடப்புறமுள்ள தீர்க்கதரிசி தானியேலின் சிலையைத் தேடுங்கள். கல்லில் இவ்வளவு மனசார ஒருவர் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2018-ல் முடிந்த புதுப்பிப்பில் பழைய வண்ணங்களும் வெளியே வந்திருக்கின்றன.

எட்டுப் பேர் கயிறு இழுத்து ஆட்டும் பிரம்மாண்டமான தூபக் கலசம் வழக்கமாகக் குறிப்பிட்ட திருநாள்களில்தான் ஆடும். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

4. தாழ்வாரத்தில் நடை, சூடாகச் சாப்பாடு

ருவா தோ விலார், ருவா நோவா இரண்டு தெருக்களிலும் வீடுகளின் கீழ்த்தளமே தூண் வைத்த நடைபாதை. குடையை மடக்கிவிட்டுப் போகலாம். பசித்தால் கால்தோ கேளுங்கள்: கீரை, உருளைக்கிழங்கு, வெள்ளை பீன்ஸ் போட்டுக் கொதிக்கவைத்த சூப். வழக்கமாகப் பன்றி இறைச்சியும் சேர்ப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைசியில் பாதாம் கேக், மேலே மாச்சர்க்கரையில் சந்தியாகப்பரின் சிலுவை.

5. மதியம் போனவால்

பலரும் விட்டுவிடுகிற இடம், எனக்கோ மிகவும் பிடித்தது. தொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் பழைய மடம், இப்போது கலீசிய மக்கள் அருங்காட்சியகம். தொமிங்கோ தெ அந்திராதே வடிவமைத்த படிக்கட்டைப் பார்க்கவே போகலாம். ஒரே கூண்டுக்குள் மூன்று சுருள்படிகள் பின்னிக்கொண்டு ஏறுகின்றன. நடுவில் தாங்குதூண் கிடையாது. ஒவ்வொன்றும் வேறு வேறு தளத்துக்குப் போகும். கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோவின் கல்லறையும் இந்த மடத்துக் கோயிலில்தான். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

6. திரும்பும்போது

போர்த்தா தோ கமீன்யோ வழியாக நகருக்குள் வாருங்கள். பிரான்ஸ் பக்கத்திலிருந்து சந்தியாகோவுக்கு வரும் யாத்திரை வழியான பிரெஞ்சுப் பாதையில் நடந்து வரும் யாத்திரிகர்கள் நுழைகிற வழி அதுதான். அவர்கள் பின்னாலேயே போனால் ஒப்ராதோய்ரோ சதுக்கம் வரும். மழை இன்னும் பெய்தால் பேராலயத்துக்கு எதிரே ராஷோய் மாளிகையின் தாழ்வாரத்தில் நில்லுங்கள். நனையாமல் முழு முகப்பையும் பார்க்க அதைவிடத் தோதான இடம் இல்லை.