குடித்து ஓட்டி மாட்டிய லாரி டிரைவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி

பத்தாயிரம் ரூபாயைக் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் பெரும்பாலான டிரைவர்கள் நினைக்கிறார்கள். முடிவதில்லை. கோர்ட்டில் நடப்பது ஒன்று, ஆர்டிஓ ஆபீஸில் நடப்பது வேறொன்று. முன்னதில் பணம் போகும், பின்னதில் லைசென்ஸ் போகும். இந்த இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பலரும் ஸ்டியரிங்கை இழக்கிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு சொல்லும் அளவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். லாரிக்கும் பைக்குக்கும் இதே அளவுதான். லைசென்ஸ் கார்டும் ஒன்றேதான். லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில் சொந்த பைக்கில் மாட்டினாலும் பறிபோவது லாரி ஓட்டும் அதே கார்டுதான்.

ராத்திரி குடித்தது காலையில் ஏன் காட்டுகிறது

மாட்டுகிறவர்களில் பலர் அந்த நேரத்தில் குடித்தவர்கள் அல்ல, முந்தின இரவு குடித்தவர்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கென்றால் அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது ஏறக்குறைய 130 மில்லிகிராம் வரை ஏறும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். 30க்குக் கீழே வர ஆறரை, ஏழு மணி நேரம் வேண்டும். ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டர் போட்டவர் விடிகாலை நாலு மணிக்கு டோல்கேட் தாண்டும்போது ஊதச் சொன்னால் மாட்டுவார். ஆஃப் (375 மில்லி) அடித்தவருக்கோ 16 மணி நேரம். மறுநாள் மதியம் இரண்டு மணி வரை ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது. உடல்வாகைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்பின் ஆகும். மோர், எலுமிச்சை, கட்டன் சாயா, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கம் கலையும், அவ்வளவுதான்.

சட்டத்தின் வார்த்தை ‘ஓட்டும்போதோ, ஓட்ட முயலும்போதோ’ என்பது. வண்டியை லாரிப்பேட்டையில் நிறுத்திவிட்டு கேபினில் படுத்துத் தூங்குவது இந்தக் குற்றமாகாது. எழுந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் ‘ஓட்ட முயன்றார்’ என்று வழக்கு எழுத இடம் கிடைத்துவிடும். குடித்துவிட்டோம் என்றால் சாவி கிளீனர் கையில் இருக்கட்டும். அவரையும் ஓட்டச் சொல்லக் கூடாது என்பதை எழுதத் தேவையில்லை.

ஊதச் சொன்னால்

ஊதுங்கள். மறுத்தால் தப்பலாம் என்பது தவறான நம்பிக்கை. குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்து நீங்கள் ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம் என்கிறது 203ஆவது பிரிவு. மறுத்ததையே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாகக் கோர்ட் எடுத்துக்கொள்ள 205ஆவது பிரிவு வழி விடுகிறது.

குடிக்காமலே மிஷினில் எண் வருவதும் உண்டு. அரிஷ்டம், சில இருமல் மருந்து, ஸ்பிரிட் கலந்த மவுத்வாஷ் இவற்றின் ஈரம் வாயில் இருக்கும்போது ஊதினால் அளவு ஏறிக் காட்டும். அப்படி ஏதாவது எடுத்திருந்தால் உடனே சொல்லுங்கள். தண்ணீரில் வாய் கொப்பளித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். வாயில் இருந்த ஈரம் அதற்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. மிஷினிலிருந்து வரும் சீட்டில் தேதி, நேரம், அளவு மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சீட்டைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும் என்கிறது 202ஆவது பிரிவு. ஆகவே கைதான நேரம் எத்தனை மணி, ஆஸ்பத்திரிக்குப் போனது எத்தனை மணி என்று நினைவில் வையுங்கள். பின்னால் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. வீட்டுக்குத் தகவல் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே போலீஸாரிடம் வாக்குவாதம் செய்து கை நீட்டினால் மட்டும் கதையே மாறிவிடும். அரசு ஊழியரைத் தடுத்த வழக்கு தனியாகச் சேரும்.

லாரியும் லோடும்

வீட்டுக்கு அடுத்து ஓனருக்கு போன். மறைத்தால் அவர் வேறு வழியில் அறிவார், அப்புறம் நம்பிக்கை திரும்பாது. குடிக்காத, கனரக லைசென்ஸ் உள்ள மாற்று டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள். ஆர்சி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட், லோடு பில் எல்லாம் கேபினில் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள்.

அவசரத்தில் மறந்துபோவது இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி சட்டப்படி ஆன்லைனில் எடுக்கும் சீட்டு. சாதாரண சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் அதன் ஆயுள். வண்டி ஸ்டேஷன் வாசலில் ஒரு நாள் நின்றால் பில் காலாவதியாகிவிடலாம், அடுத்த செக்கிங்கில் சரக்குக்கே தனி அபராதம் விழும். காலாவதியாகும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே அதை நீட்டிக்க முடியும். புக்கிங் ஆபீஸுக்கு அதை ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை. ஓனருக்கு ஏற்கெனவே ஆன நஷ்டத்தில் இதையும் சேர்க்க வேண்டாம்.

கையில் இருக்கும் ரசீதை நம்பி ஓட்டக் கூடாது

அதிகம் பேர் விழும் குழி இது. பழைய நடைமுறையில் போலீஸ் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தரும் தற்காலிக ரசீதை வைத்து, குறிப்பிட்ட தேதி வரை வண்டி ஓட்டலாம். அந்தப் பழக்கத்தில் பலரும் மறுநாளே அடுத்த டிரிப் ஏறிவிடுகிறார்கள். 2019 திருத்தத்தில் வந்த 206(4) இதை மாற்றிவிட்டது. குடித்து ஓட்டிய வழக்கில் பறித்த லைசென்ஸுக்குத் தரும் ரசீது, லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை வண்டி ஓட்ட அனுமதி தராது. அதை வைத்து ஓட்டி விபத்து நடந்தால் ஓனரின் இன்சூரன்ஸும் சிக்கலில் மாட்டும். தகுதிநீக்க உத்தரவு வந்த பிறகும் ஓட்டினால் 182ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பறித்த லைசென்ஸ் ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகும். முதல் தடவை என்றால் மூன்று மாதத் தகுதிநீக்கம், இரண்டாவது தடவை என்றால் லைசென்ஸே ரத்து என்கிறது 19(1ஏ). ஆனால் உத்தரவு போடும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். இதற்கான நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள விலாசத்துக்கு வரும். லைனில் ஓடுகிற டிரைவரின் பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பும் நோட்டீஸ்கள் நிறைய. விலாசம் மாறியிருந்தால் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். விசாரணைக்குப் போகும்போது மிஷின் சீட்டு, மருந்து சாப்பிட்டிருந்தால் டாக்டர் சீட்டு, எத்தனை வருடமாக விபத்தில்லாமல் ஓட்டுகிறீர்கள் என்று ஓனர் தரும் கடிதம், இவற்றை எழுத்து மூலமான விளக்கத்தோடு கொடுங்கள். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். 31ஆவது நாள் ஓடிப் பிரயோஜனம் இல்லை.

கோர்ட்டில்

இந்த வழக்கை ரோட்டோரத்தில் ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை 200ஆவது பிரிவு பட்டியல் போடுகிறது, அதில் 185 இல்லை. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். மறு தடவைக்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். முன்பு ‘மூன்று வருடத்துக்குள் மறுபடி’ செய்தால்தான் இரண்டாவது குற்றமாகக் கணக்கு. அந்தக் கால வரம்பு இப்போது இல்லை. இன்று ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் பத்து வருடம் கழித்தும் முதல் குற்றமாக நிற்கும். இரண்டாவது முறை தண்டனை விழுந்தால் கோர்ட்டே லைசென்ஸை ரத்து செய்தாக வேண்டும் என்கிறது 22(2).

அளவு 35, 40 என்று ஓரத்தில் நிற்கிறதா, மருத்துவப் பரிசோதனை நடக்கவில்லையா? அப்படியானால் ஒப்புக்கொள்வதற்கு முன் வக்கீலைப் பாருங்கள். 150, 180 என்று தெளிவாக வந்திருந்தால் வழக்கை இழுப்பதில் நாளும் பஸ் செலவும்தான் மிஞ்சும் என்பது எங்கள் கருத்து. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச அழைப்பு எண் 15100. விபத்தில் யாராவது இறந்திருந்தால் இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது. அது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 105, 106 பிரிவுகளுக்குப் போகும் விஷயம். உடனடியாக நல்ல கிரிமினல் வக்கீல் தேவை.

ஓனர் ஏன் யோசிக்கிறார்

கோபத்தால் மட்டும் யாரும் வேலையை விட்டு எடுப்பதில்லை. குடித்த டிரைவர் இடித்தால் லாரிக்கான சொந்தச் சேதத்தை இன்சூரன்ஸ் தராது. ஊதிப் பார்த்த அளவு இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி மறுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாம் நபர் நட்ட ஈட்டிலும் 150ஆவது பிரிவு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிர்வாதம் தருகிறது. முப்பது லட்சம் கடனில் வண்டி வாங்கியவர் ஒரே இரவில் தெருவுக்கு வரலாம். அவரிடம் பேசும்போது இதைப் புரிந்துகொண்டவராகப் பேசுங்கள். ‘தினமும் வண்டி எடுக்கும் முன் நீங்களே ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று நீங்களாகவே முன்வந்தால் பல ஓனர்கள் இறங்கிவருவார்கள். எரிவாயு, பெட்ரோல் டேங்கர் என்றால் கதவு இறுகும். ஆபத்தான சரக்குக்கான தனிப் பதிவும் அதே லைசென்ஸில்தான் ஏறியிருக்கிறது. அந்த வேலைக்குத் திரும்புவது கடைசியில்தான் நடக்கும்.

அந்த மூன்று மாதம்

லோடு மேன், புக்கிங் ஆபீஸ், பட்டறை, எதுவானாலும் பரவாயில்லை. பைக்கைக்கூட ஓட்டாதீர்கள். வேறு மாநிலத்தில் புது லைசென்ஸ் எடுக்கும் யோசனை வேண்டாம். ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான், எல்லாப் பதிவுகளும் ‘சாரதி’ என்ற அரசு லைசென்ஸ் இணையதளத்தில் ஒன்றாக இருக்கின்றன.

தினம் குடிக்கிறவர் இந்த இடைவெளியில் சிகிச்சை எடுப்பது நல்லது. ஆனால் வைராக்கியத்தில் ஒரே நாளில் தானாக நிறுத்தாதீர்கள். நீண்டகாலமாகத் தினமும் குடித்தவருக்கு நிறுத்திய முதல் நாளிலேயே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளையொட்டி மனக்குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் தொடங்கலாம், அது உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்து மருந்தோடு நிறுத்துங்கள். 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண். சிகிச்சைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், ஓனரிடம் காட்ட உதவும்.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் கார்டு தானாக வராது. புத்தாக்கப் பயிற்சி முடித்த சான்று இருந்தால்தான் லைசென்ஸைத் திருப்பித் தருவார்கள். கடைசி வாரம் வரை காத்திராமல், எந்தப் பயிற்சி மையத்தின் சான்று செல்லும் என்று இரண்டாவது மாதமே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டு இடம் பிடியுங்கள். கார்டு கையில் வந்த பிறகும் சாரதி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே ‘சஸ்பெண்டட்’ என்றே நின்றால் அடுத்த செக்கிங்கில் போலீஸ் பார்ப்பதும் அதைத்தான். ஆபீஸில் சொல்லி அதை மாற்றி வாங்கிய பிறகு லோடு ஏற்றுங்கள்.