மாண்ட்கோமரி: ஒரு நார்மன் குடும்பப் பெயரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரி. அது இருக்கும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மாண்ட்கோமரிதான். ஒன்றிலிருந்து மற்றது வந்திருக்கும் என்று சட்டென்று எழுதிவிடுவார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு ஆட்களின் பெயர்கள். 1816இல் அமைந்த கவுண்டி, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு ஹார்ஸ்ஷூ பெண்ட் சண்டையில் இறந்த மேஜர் லெமுவல் மாண்ட்கோமரியின் பெயரைத் தாங்குகிறது. 1819இல் உருவான நகரமோ, 1775 டிசம்பர் 31 அன்று கியூபெக் தாக்குதலில் மாண்ட ஜெனரல் ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயரை வைத்துக்கொண்டது. எனவே ஊர்ப் பெயரைப் பார்த்தால், எந்த மாண்ட்கோமரி, எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள்.

பெயரின் வேர் பிரான்சின் நார்மண்டியில், இன்றைய கால்வடோஸ் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து வந்த ரோஜர் தெ மாண்ட்கோமரி, 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தைக் கைப்பற்றிய வெற்றிவீரன் வில்லியமின் நெருங்கிய கூட்டாளி. அந்தப் போரில் படையின் ஒரு பிரிவை ரோஜர்தான் நடத்தினார் என்று பல குடும்ப வரலாறுகள் பெருமையாகச் சொல்லும். ஆனால் 1066இல் ரோஜர் நார்மண்டியிலேயே தங்கிவிட்டார், அடுத்த ஆண்டுதான் இங்கிலாந்து வந்தார் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் ஆர்டெரிக் விட்டாலிஸ். ஆர்டெரிக்கின் தந்தை ரோஜரிடமே வேலை பார்த்த பாதிரியார். நான் ஆர்டெரிக் பக்கம்தான்.

ரோஜர் வேல்ஸ் எல்லையில் கட்டிய கோட்டைக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்தார். வில்லியம் எடுத்த நிலக் கணக்கான 1086 டூம்ஸ்டே பதிவேட்டில் அது இருக்கிறது. இன்று மாண்ட்கோமரி ஊரின் மேல் நிற்கும் கல் கோட்டை அதுவல்ல. இந்தக் கல் கோட்டையை 1223இல் மூன்றாம் ஹென்றி காலத்தில், வேறு இடத்தில் கட்டத் தொடங்கினார்கள். ரோஜருடையது சற்றுத் தள்ளி, ஹென் டோமென் என்ற மண்மேடாகக் கிடக்கிறது.

அடுத்த தவறு, பெயர் இருந்தால் ரோஜரின் வாரிசு என்று முடிவு கட்டுவது. 1102இல் அவருடைய மகன் ராபர்ட் அரசனை எதிர்த்துக் கலகம் செய்து, இங்கிலாந்து நிலங்களை எல்லாம் இழந்தார். ஸ்காட்லாந்து மாண்ட்கோமரிகள் 12ஆம் நூற்றாண்டில் தலைகாட்டுகிறார்கள். ரோஜரோடு அவர்களை இணைக்கும் உறுதியான சான்று இல்லை. அப்புறம், மாண்ட்கோமரி கிளிஃப்ட் என்ற நடிகரைப் போல இதை முதல் பெயராக வைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களிடம் வம்சாவளி தேடுவது வீண்.

நமக்குப் பக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள சாஹிவால் நகரம் ஒரு நூற்றாண்டு காலம் மாண்ட்கோமரி என்றே இருந்தது. நம் பால் பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்த சாஹிவால் மாட்டுக்கும் மாண்ட்கோமரி மாடு என்ற பழைய பெயர் உண்டு. இதை இரண்டாம் உலகப் போர்த் தளபதி பெர்னார்ட் மாண்ட்கோமரியோடு முடிச்சுப் போடாதீர்கள். ஊருக்குப் பெயர் வைத்தது 1865இல். அவர் பிறந்ததோ 1887இல். பெயருக்கு உரியவர் பஞ்சாப் துணைநிலை ஆளுநர் சர் ராபர்ட் மாண்ட்கோமரி, பெர்னார்டின் தாத்தா. 1944இல் நார்மண்டியில் பெர்னார்டின் எதிரியான ஜெர்மன் தளபதி ரோம்மெல் காயம்பட்ட இடம் சேன்ட் ஃபுவா தெ மாண்ட்கோமரி அருகே என்பது சுவையான தற்செயல், அவ்வளவுதான்.

கடைசியாக, "மாண்ட்கோமரி குடும்பச் சின்னம்" என்று ஃபிரேம் போட்டு விற்கும் படங்களை வாங்காதீர்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. அந்தக் குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவானதல்ல.