தோட்டத்துக் கொட்டகைக்கு மண் பூச்சு: சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும்

சுடாத செங்கல்லாலோ மூங்கில் படலாலோ நாமே எழுப்பிய தோட்டத்துக் கொட்டகைக்கு மண் பூச்சே பொருத்தமானது. மண் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வெயிலில் வெளியேற்றும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால், உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிச் சுவரை நைத்துவிடும். பூச்சும் நாளடைவில் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

பூச்சைத் தொடங்குமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். கூரையின் இறவாணம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீண்டிருக்க வேண்டும். தரையில் விழும் மழைத்துளி தெறித்துச் சுவரைத் தொடாதபடி, கருங்கல் கடைக்கால் ஓர் அடியாவது தரைக்கு மேலே எழுந்திருக்க வேண்டும். இவை இல்லாத சுவரில் எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் மழை அரித்துவிடும்.

மண்ணை ஓர் அடிக்குக் கீழே தோண்டி எடுங்கள். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களின் மேல்மண்ணில் சில்வர் ஓக் மரங்களின் இலைமக்கு நிறைந்திருக்கும். அது செடிக்கு உரம், சுவருக்கு ஆகாது. எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படிந்து, எது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் புட்டியை மட்டும் நம்பிப் பூசிவிடக் கூடாது. சலித்த மண் ஒரு பங்குக்கு மணல் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என மூன்று கலவைகள் தயாரித்து, அதே சுவரில் ஓரடிச் சதுரங்களாக அருகருகே பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் களி மிகுதி. உள்ளங்கையால் தேய்க்கும்போது மணல் உதிர்ந்தால் களி போதாது. சேலத்துச் சமவெளியில் எனக்கு நன்றாக அமைந்த விகிதத்தை, ஏற்காட்டில் சோதிக்காமலே மலைமண்ணுக்குப் பயன்படுத்தி, ஒரு சுவர் முழுவதையும் சுரண்டி எடுக்க நேர்ந்தது. அந்த மண்ணில் களி மிகுதி என்பதை மூன்று சதுரங்கள் முன்பே சொல்லியிருக்கும்.

விகிதம் அமைந்தபின், இரண்டு விரற்கடை நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலையும் பசுஞ்சாணத்தையும் சேர்த்து மிதித்து, ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரம் புளிக்கவிடுங்கள். நாற்றம் இருக்கும், ஆனால் புளித்த கலவை கையில் வெண்ணெயாக இழையும், சுவரிலும் இறுகப் பற்றும்.

சுவரை நீர் தெளித்து நனைத்து, களிக்குழம்பைத் தேய்த்து, அது காயும்முன் கலவையை உள்ளங்கையால் அழுத்தி அரை அங்குலக் கனத்துக்குப் பூசுங்கள். இந்த முதற்பூச்சு இறுகிவரும்போது, அடுத்தது பற்றிக்கொள்ளும்படி குச்சியால் கீறிவிடுங்கள். இது முற்றிலும் காய்ந்தபிறகே மறுபடி நனைத்து, கொத்தர்கள் பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையால் மட்டம் செய்து இரண்டாம் பூச்சு இட வேண்டும். கடைசிப் பூச்சுக்கு மெல்லிய துணியில் சலித்த மண்ணும் நுண்மணலும் போதும். அதில் சேலத்தில் எளிதாகக் கிடைக்கும் மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சிறிது கலந்தால் மேற்பரப்பு உதிராது; கஞ்சி மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும்.

காயவிடுவதில்தான் சமவெளியும் மலையும் வேறுபடுகின்றன. சேலத்துக் கோடையில் மேற்பரப்பு விரைந்து காய்ந்து வெடிப்பதால், மாலையில் பூசி, மறுநாள் நனைத்த சாக்குகளைச் சுவருக்கு முன்னே தொங்கவிட வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ மூடுபனி ஈரத்தை விடாது. மழை குறைந்த தை முதல் பங்குனி வரையிலான காலத்தில், காலையிலேயே பூசிக் காற்றோட்டத்துக்கு இடம்விட வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மழை ஓய்ந்தபின் சுவரைச் சுற்றிப் பார்த்து, அரித்த இடங்களை நனைத்து அதே மண்ணால் ஒட்டுப் போடலாம். அதற்காகக் காய்ந்த கலவையில் ஒரு சட்டி எடுத்துக் கொட்டகையிலேயே வைத்திருங்கள். நீரில் ஊறவைத்தால் அது மறுபடியும் சாந்தாகிவிடும்.